கூட்டத்தை மாலை 4 மணிக்கு வைத்தால் யார் வருவார்?
மனமிருந்தால் எவரும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கலாம் என்று சமூகப் பணி பற்றிய ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் கூறுவது, சமைத்த சோறு மேசைக்கு வந்துசேரும் வீட்டில் இருப்பவருக்கே பொருந்தும். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு இலங்கை அரசு நிவாரணம் அறிவித்தபோது, அது எவருக்கெல்லாம் பொருந்தும் என்று தவணைகளைப் பதியும் கடன் அட்டைகளைச் சரிபார்ப்பதற்காக, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் உள்ள எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் மாலை 4 மணிக்குக் கூட்டம் வைத்தோம். ஐந்து பேர்கூட வரவில்லை, ஏனெனில் அது மாடு கட்டுவதற்கும் தண்ணீர் அள்ளுவதற்கும் ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளைக் கூட்டிவருவதற்கும் உரிய நேரம். பின்னர், வாராந்தத் தவணை கட்டுவதற்காக அவர்கள் எப்படியும் ஒன்றுகூடும் வீட்டு முற்றத்திலேயே, பணம் சேகரிப்பவர் புறப்பட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரத் தொடங்கினோம். பெரும்போக நெல் அறுவடை தொடங்கியதும் அதையும் நிறுத்திவைத்தோம். வயல் கூலியை விட்டுவிட்டு வா என்று கேட்க எங்களுக்கு உரிமையில்லை. இளைஞர்கள் தொலைபேசியிலேயே பொழுதைக் கழிப்பதாக அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் குறைகூறியிருக்கிறார். ஆனால் கடன் நிவாரணம் தொடர்பான எங்கள் மனுவைத் தட்டச்சு செய்து தந்தது, மண்டூர்த் துறையில் வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போகும் பாதைப் படகுக்காகக் காத்திருந்த மாணவி ஒருத்தி, தன் தொலைபேசியில்தான். கட்டுரையாளர் சொல்லும் அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்பையும் பிள்ளையையும் யார் பார்ப்பது என்ற கேள்வி கட்டுரையில் எங்குமே எழவில்லை.