சீட்டு எப்படிக் கலைகிறது என்று பாருங்கள்

போக்கர் என்ற சீட்டாட்டத்தை ஆன்லைனில் ஆட எந்தத் தளத்தைத் தேர்வு செய்வது என்ற உங்கள் கட்டுரை, போனஸ் எவ்வளவு, எத்தனை மேசை என்று பார்க்கச் சொல்கிறது. சரி, ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டப்படி காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டமே இங்கே கூடாது என்பதை விட்டுவிட்டீர்களே. போக்கர் திறமை ஆட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது அதற்கு முந்தைய கதை. வெளிநாட்டுத் தளம்தானே என்று டெலிகிராமில் வரும் லிங்க்கில் பணம் போட்டுவிட்டு அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

காசில்லாமல் சும்மா சில்லு வைத்து ஆடினாலும் மென்பொருள் முக்கியம். 1999-ல் பிளானட் போக்கர் என்ற ஆன்லைன் தளம் பயன்படுத்திய மென்பொருளின் சீட்டுக் கலைக்கும் நிரலைச் சில பாதுகாப்பு ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். 52 சீட்டை எத்தனை வகையாக அடுக்கலாம் என்ற எண்ணை எழுதினால் 68 இலக்கம் வரும், அந்த நிரலோ 32 பிட் எண்ணிலிருந்து தொடங்கியதால் 430 கோடி வகையைத் தாண்டவே தாண்டாது, அதுவும் கணினிக் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கியதால் கையில் ரெண்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்த மூன்று சீட்டு தெரிந்தாலே மிச்சம் எல்லாம் அம்பலம். நிரலை அந்த மென்பொருளைச் செய்தவர்களே பெருமையாக வெளியிட்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

அதற்கு மேல் நான் பார்ப்பது ரெண்டுதான். ஆடிய ஒவ்வொரு சுற்றின் பதிவையும் முழுசாக இறக்கிக்கொள்ள முடிகிறதா, இணைப்பு அறுந்தால் கூடுதல் நேரம் தருகிறதா. மெட்ரோ சுரங்கத்துக்குள் போய் சிக்னல் போன அந்த நொடியே கையில் இருக்கும் ஏஸ் ஜோடியை, அதாவது கையில் வரும் ரெண்டு சீட்டிலேயே சிறந்ததை, மடக்கி ஆட்டத்திலிருந்து விலக்கிவிடும் ஆப் எனக்கு வேண்டாம்.