கோட்டைத் தாண்டினால் என்ன?

அப்பாவுக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசனையும் மெல்லத் தேயும் நோய், என்று தெரிந்து ஐந்து வருடம் ஆகிறது. அவர் பகலில் போய்வரும் பராமரிப்பு மையத்தில் போன மாதம் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு பட்டாம்பூச்சிகள். ஒன்றில்கூட வண்ணம் கோட்டைத் தாண்டவில்லை. ஸ்பூனைப் பிடிக்கவே தடுமாறுகிறவர்கள் இருக்கும் இடம் அது. விசாரித்தால், அங்கே வேலை பார்க்கும் பெண்களே முக்கால்வாசி தீட்டிவிட்டார்களாம். "அசிங்கமா இருந்தா வீட்டுக்காரங்க வருத்தப்படுவாங்கன்னு சொன்னாங்க சார்."

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இரண்டு வருடம் முன்பு நானும் இதைத்தான் செய்தேன். அப்பா ஒரு வீடு வரைந்துகொண்டிருந்தார், கூரை சுவருக்குக் கீழே போய்விட்டது. "இப்படிப்பா" என்று கையைப் பிடித்து மேலே இழுத்தேன். பிரஷ்ஷைக் கீழே வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் நான்கு மாதம் பிரஷ் பக்கமே வரவில்லை.

ஓவியம் நல்லது, பாட்டு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை யார் சொல்லித்தருகிறார்கள்? கிரையான் டப்பாவைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பராமரிப்பவருக்கு வரையத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. திருத்தாமல் இருக்கத் தெரிந்தால் போதும். அதுதான் கஷ்டம்.

அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் என்ற நாடகக்காரர் 1996இல் ஒரு முதியோர் இல்லத்தில் பழைய ஞாபகங்களைக் கிளறும் பயிற்சிகளைச் செய்து பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் பத்திரிகையிலிருந்து மார்ல்பரோ சிகரெட் விளம்பரம் ஒன்றைக் கிழித்துக் காட்டி, "இந்த ஆளுக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார். "ஃப்ரெட்" என்றார் ஒருவர். "எந்த ஃப்ரெட்?" "ஃப்ரெட் அஸ்டேர்." அந்தக் காலத்து ஹாலிவுட் நடன நட்சத்திரத்தின் பெயர் அது. அங்கிருந்து பாட்டும் சிரிப்புமாக ஒரு கதையே கிளம்பிவிட்டது. 'டைம்ஸ்லிப்ஸ்' என்ற கதை சொல்லும் முறை அப்படித்தான் பிறந்தது. அவருக்கு 2016இல், படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் தரும் மெக்ஆர்தர் ஃபெலோஷிப்பும் கிடைத்தது.

அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் என்று ஒன்று கிடையாது. நாமோ நாள் முழுக்கப் பரீட்சை வைக்கிறோம். இது யார் தெரியுதா, இன்னைக்கு என்ன கிழமை? அப்பா ஒருமுறை என்னைத் திருப்பிக் கேட்டார்: "ஏன், உனக்குத் தெரியாதா?"

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர். அதில் புதிய நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சீக்கிரமே அடிவாங்கிவிடுகிறது. கை பழகிய வேலைகள் மூளையின் வேறு பகுதிகளை நம்பி இருப்பதால் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அப்பா நாற்பது வருடம் தையல்காரர். காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்லத் தெரியாது. ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்தால் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, நல்ல பக்கம் எது என்று புரட்டி வைப்பார். அவரிடம் போய்ப் பட்டாம்பூச்சி படத்தைக் கொடுத்து வண்ணம் அடி என்றால்? டாம் கிட்வுட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், டிமென்ஷியா உள்ளவர்களைச் சிறுமைப்படுத்தும் நடத்தைகளைப் பட்டியலிட்டார். பெரியவரைக் குழந்தைபோல் நடத்துவதும், அவரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் தள்ளுவதும் அதில் உண்டு. கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்வதில்லை என்றும் அவரே சொன்னார்.

கண்காட்சிக்கு அப்புறம் மையத்துக்கு ஓர் ஓவிய ஆசிரியை வந்தார். எனக்குப் பிடித்தது அவர் தொடங்கிய விதம். ஊழியர்களை உட்காரவைத்து இடது கையால் வரையச் சொன்னார். ஒவ்வொருவர் பின்னாலும் ஒருவர் நின்று, "அப்படி இல்ல, இப்படி" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு பெண் பென்சிலை வைத்துவிட்டார். "கடுப்பா இருக்கு மேடம்." ஒருநாள் முழுக்க ஸ்லைடு போட்டு விளக்கினாலும் இது உறைத்திருக்காது.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். இருபது வண்ணத்தைப் பரப்பாமல் இரண்டோ மூன்றோ வைப்பது, வெள்ளைத் தாளுக்கு அடியில் அடர்நிற விரிப்பு போட்டு ஓரம் தெரியச் செய்வது. வாய்க்குப் போனாலும் விஷமாகாத வண்ணம்தான் வாங்க வேண்டும். சாயங்காலம் பலருக்குப் பதற்றம் கூடும், அந்த நேரத்தைத் தொடாமல் விட்டுவிடலாம். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நாம் பொறுமை என்று நினைத்துக் காத்திருக்கும் நேரத்தைவிட அதிக நேரம்.

நோயை இது நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றைய மனநிலை கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான். சில நாள் அதுவும் நடக்காது, தாளைக் கசக்கி எறிவார். விட்டுவிட வேண்டியதுதான்.

குடும்பத்தினரும் நண்பர்களும் சராசரியாக ஒரு நாளில் ஐந்து மணி நேரம் இந்தப் பராமரிப்பில் செலவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களிடம் போய் 'கலையும் செய்யுங்கள்' என்று இன்னொரு சுமையை ஏற்றினால் எரிச்சல்தான் வரும். பத்து நிமிடம் போதும், துணி மடிக்கும்போதே ஆகட்டும். மையங்கள் அந்தப் பத்து நிமிடத்தையும் சம்பள நேரமாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

போன வாரம் அப்பாவைக் கூப்பிடப் போனபோது, துணித் துண்டுகளை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கடுப்பாக இருக்கிறது என்று சொன்ன அதே பெண் ஒரு நீலத் துண்டை நீட்டி, "இது எங்கே போகும்யா?" என்றார். அப்பா அதை வாங்கி ஓரத்தை நெருடிப் பார்த்தார். "பிரியும். மடிச்சுத் தை."

அந்தப் பெண் பசை டப்பாவை மூடிவிட்டு, முனை மழுங்கிய ஊசி ஒன்றைத் தேடப் போனார்.