மைலேஜ் வரவில்லை என்று காரைத் திட்டாதீர்கள்

‘இந்த வண்டி மைலேஜே கொடுப்பதில்லை’ என்ற புலம்பலை இனியும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. இப்படிப் புலம்புகிறவர்கள் பலருடைய கார்களில் முன் இருக்கையில் உட்கார்ந்து நான் பயணம் செய்திருக்கிறேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதிக்கிறார்கள், எஞ்சின் அலறுகிறது, 300 மீட்டர் தூரத்தில் அடுத்த சிக்னல் சிவப்பாக இருப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும் அதை நோக்கிப் பாய்கிறார்கள், கடைசி நொடியில் பிரேக்கை அழுத்தி, உள்ளே இருக்கிறவர்களின் தலைகள் எல்லாம் முன்னால் சாயும்படி வண்டியை நிறுத்துகிறார்கள். நிறுத்திய கையோடு, சர்வீஸில் ஏதோ கெடுத்துவிட்டார்கள், பெட்ரோலில் கலப்படம், கம்பெனி சொன்னது பொய் என்று வரிசையாகக் குற்றம் சாட்டத் தொடங்குகிறார்கள். தங்கள் வலது காலைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பிரேக்கை மிதிக்கும்போது என்ன நடக்கிறது என்று இவர்கள் ஒருமுறையாவது யோசித்திருப்பார்களா? 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் ஏறத்தாழ 167 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருப்பது சுமார் 32 மெகாஜூல். அன்றாட ஓட்டத்தில் அதில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு மட்டுமே 20 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகிறது. பிரேக்கை அழுத்தி நிற்கும்போது அவ்வளவும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஐம்பது முறை இப்படிப் பாய்ந்து ஐம்பது முறை நின்றால் ஒரு லிட்டர் பெட்ரோலைப் பிரேக்கைச் சூடாக்குவதற்கென்றே எரித்திருக்கிறோம். வேகத்தை 80 ஆக்கினால் நிலைமை இன்னும் மோசம். இந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்துக்கு முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல் ஆற்றலைக் கொட்ட வேண்டியிருக்கிறது. ஹைப்ரிட் கார்களும் மின்கார்களும் இதில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களில் அந்த வழி கிடையாது.

இந்த இழப்பைக் குறைக்கப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரை மாற்றாமல் வண்டியை உருள விட்டால் போதும். ஏற்கனவே செலவழித்த பெட்ரோலின் ஆற்றலே மீதித் தூரத்தைக் கடத்திவிடும். எரிபொருளை இன்ஜெக்டர் மூலம் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில் இன்னொரு நன்மையும் உண்டு: கியரில் இருக்கும்போது காலை முழுவதுமாக எடுத்தால், எஞ்சின் சுழற்சி ஓரளவுக்குக் கீழே இறங்கும்வரை கணினி எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகிறது. டாஷ்போர்டில் அந்தந்த நொடியின் எரிபொருள் செலவைக் காட்டும் வசதி உள்ள காரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இது தெரியாமல், இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு இறங்கினால் மிச்சம் என்று இன்னமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நியூட்ரலில் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள எரிபொருளைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். அதோடு, வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும் எஞ்சினின் தடையும் போய், எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து, நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்து வேறு. உயிரையும் பணயம் வைத்து பெட்ரோலையும் வீணாக்கும் இந்த யோசனையைப் பழகுநர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்களை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

முன்கூட்டியே காலை எடுத்துவிட்டு உருண்டு வருகிறவனுக்குச் சாலையில் கிடைக்கும் மரியாதையையும் சொல்லத்தான் வேண்டும். பின்னாலிருந்து ஓயாத ஹாரன். முகப்பு விளக்கை விட்டுவிட்டு அடித்து ஒரு மிரட்டல். பிறகு உறுமிக்கொண்டு முந்திப் போய், நான் மெதுவாக வந்து நிற்கப்போகும் அதே கோட்டில் எனக்கு முன்னால் நிற்பது. அவருக்குக் கிடைத்த லாபம் ஒரு காரின் நீளம், அவ்வளவுதான். பல சமயங்களில் நான் உருண்டு வந்து சேர்வதற்குள் பச்சை விழுந்துவிடுகிறது. நான் நிற்காமலேயே இரண்டாவது கியரில் அவரைத் தாண்டிப் போகிறேன். அவரோ ஒன்றரை டன் இரும்பை மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து கிளப்ப வேண்டியிருக்கிறது. இது கண் முன்னால் நடந்தும் அடுத்த சிக்னலில் அதே ஹாரனை அடிக்கிறார் என்றால், இந்த மனிதருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது?

சிக்கனம் என்றால் ஆமை மாதிரி ஊர்ந்து போக வேண்டுமா என்று உடனே எதிர்க்கேள்வி வரும். வேண்டாம். பெட்ரோல் எஞ்சின் பெயருக்குத் திறந்த த்ராட்டிலோடு (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் அடைப்பு) இழுபடும்போது அதன் திறன் குறைவாகவே இருக்கிறது. மிதமாக அழுத்தி, எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 வரை வந்ததும் அடுத்த கியருக்கு மாற்றி, தேவையான வேகத்தைச் சீக்கிரமாக எட்டி, அதிலேயே நிலையாக நிற்பதுதான் நல்ல ஓட்டம். மூன்றாவது கியரிலேயே எஞ்சினை 4,000 சுழற்சிக்கு மேல் கதறவிடுவதும், வேகம் போதாமல் ஐந்தாவது கியரில் போட்டுத் திணறடிப்பதும் இரண்டுமே எஞ்சினைப் படுத்தும் பாடுதான்.

அவசரத்தால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு என்றும் கணக்குப் பார்க்கலாம். தடையில்லாத நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 100 வேகத்தில் கடக்க 60 நிமிடம், 120 வேகத்தில் கடக்க 50 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காற்றின் எதிர்ப்பை 44 சதவீதம் கூட்டிக்கொள்கிறோம். நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் செய்யும் வேலையில் பெரும்பங்கு காற்றை விலக்குவதற்கே போகிறது என்பதால், அந்தக் கூடுதல் எதிர்ப்பு எரிபொருள் செலவிலும் நன்றாகவே தெரியும். எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்கா 1974இல் நாடு முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் என்று சட்டம் போட்டுக் குறைத்ததற்கு எரிபொருள் சிக்கனம்தான் காரணம். பயணம் முடிந்த பிறகும் கூரைமேல் பெட்டியைக் கழற்றாமல் திரிகிறவர்களும் இதே காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பெரிய பெட்டி ஒன்று விரைவுச்சாலை வேகத்தில் மைலேஜை 10 முதல் 25 சதவீதம் வரை தின்றுவிடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது.

முரட்டு ஓட்டம் மைலேஜை எவ்வளவு குறைக்கும் என்பதற்கும் அதே துறை கணக்குத் தந்திருக்கிறது: நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம், நின்று நின்று நகரும் நெரிசலில் 10 முதல் 40 சதவீதம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓட வேண்டிய கார் 12 கிலோமீட்டரோடு நின்றுவிடக்கூடும் என்பதுதான் இதன் பொருள். கம்பெனிகள் விளம்பரத்தில் போடும் எண்ணையும் நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஐரோப்பாவின் பழைய சோதனை முறையில் 0விலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 நொடி எடுத்துக்கொண்டார்கள். அப்படி யாரும் ஓட்டுவதில்லை. 2017இல் டபிள்யூஎல்டிபி என்ற கடுமையான சோதனை வந்த பிறகும், 2021இல் பதிவான பெட்ரோல், டீசல் கார்களின் உண்மையான செலவு சோதனை எண்ணைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்ததை ஐரோப்பிய ஆணையமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த அளவுக்குக் கம்பெனியைக் கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அதற்கு மேல் போகும் பள்ளத்தைத் தோண்டியது யார் என்பதையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

அதைக் கேட்காமல், எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் மாயத் திரவம் என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட கருவிகளை நூற்றுக்கும் மேலாக ஆராய்ந்து பார்த்தும் மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டும் ஒன்றையும் காணவில்லை. அந்தப் பணத்தில் டயருக்கு ஒழுங்காகக் காற்றடித்திருக்கலாம். யாருக்காகவோ காத்திருக்கும்போது ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடுகிறவர்கள், ஒரு மணி நேரத்துக்கு 1 முதல் 2 லிட்டர் வரை நின்ற இடத்திலேயே கரைகிறது என்பதையாவது தெரிந்துகொள்ளட்டும். வெதுவெதுப்பாக இருக்கும் எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்ப ஆகும் செலவு சுமார் பத்து நொடி சும்மா ஓடுவதற்குச் சமம்.

அவர்கள் பெட்ரோல், அவர்கள் பணம், உனக்கென்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு இருக்கிறது. 2008இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னலும் இல்லை, குறுக்கே வரும் வண்டியும் இல்லை. ஆனாலும் வேகத்தில் நேர்ந்த சிறு சிறு ஏற்றத்தாழ்வுகளே வளர்ந்து, கொஞ்ச நேரத்தில் கார்கள் நின்று நின்று நகரும் நெரிசலாக மாறிவிட்டன. ஒருவர் தேவையில்லாமல் அழுத்தும் பிரேக் அவரோடு முடிவதில்லை. பின்னால் வருகிறவர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக அழுத்துகிறார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் அதிகமாக. இந்த அலை என்னிடம் வந்து சேராமல் இருக்கத்தான் முன்னால் போகும் காருக்கும் எனக்கும் நடுவில் இடைவெளி விட்டு ஓட்டுகிறேன். அந்த இடைவெளியைக் கண்டதும் பக்கத்துத் தடத்திலிருந்து ஒருவர் ஆக்சிலரேட்டரை அழுத்திப் புகுந்து, புகுந்த வேகத்தில் பிரேக் பிடிக்கிறார். நானும் பிடிக்க வேண்டியிருக்கிறது, எனக்குப் பின்னால் வரும் அத்தனை பேரும் பிடிக்கிறார்கள். என்னுடைய 20 மில்லிலிட்டரையும் அவர்களுடையதையும் சேர்த்து எரித்துவிட்டு, அவர் எங்களுக்கு ஒரு காரின் நீளம் முன்னால் அதே நெரிசலில் நிற்கிறார்.