தரைத்தளத்துக்காரர் லிஃப்டுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஓயாமல் நடக்கும் சண்டை இது. "நான் ஏறுறதே இல்ல, எதுக்குக் கொடுக்கணும்?" என்பார் தரைத்தளத்துக்காரர். "அப்போ உங்க ஜன்னலுக்கு முன்னாடி இருக்கிற தோட்டத்துக்கு நான் எதுக்குக் கொடுக்கறேன்?" என்று ஐந்தாம் மாடியிலிருந்து பதில் வரும். பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர் குழுவை விட்டு வெளியேறிவிடுவார்.

இந்தச் சண்டை முடியாததற்குக் காரணம், மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, பத்திரம் என்ன சொல்கிறது, மனிதர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும். முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டிலும் பாதிச் சூடு தணிந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் "உபயோகத்துக்கு ஏற்ற காசு" என்ற வாதம். கயிற்றில் ஓடும் லிஃப்டில் பெட்டிக்கு எதிர்ப்புறம் ஒரு கவுண்டர்வெயிட், அதாவது எதிர் எடை, தொங்குகிறது. அதன் எடை காலிப் பெட்டியின் எடையோடு, ஏற்ற அனுமதித்த சுமையில் 40 முதல் 50 விழுக்காடு. பெட்டி 900 கிலோ, சுமை 600 கிலோ என்றால் கவுண்டர்வெயிட் ஏறத்தாழ 1200 கிலோ வரும். நான்கு பேர் ஏறினால் இரு பக்கமும் சமம். மோட்டார் உராய்வை மட்டும் வென்றால் போதும். காலிப் பெட்டி மேலே போகும்போது கவுண்டர்வெயிட்டே அதை இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே ஒருவர் ஐந்தாம் மாடிக்கு ஏறுவதால் ஆகும் மின்சாரம் நாம் கற்பனை செய்வதை விட மிகக் குறைவு. அதிகம் ஓடாத லிஃப்டில் சும்மா எரியும் விளக்கும், சுற்றும் மின்விசிறியும், லிஃப்டை ஆட்டுவிக்க எப்போதும் விழித்தே இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான கன்ட்ரோலரும் தின்கிற மின்சாரம் ஓட்டத்துக்கு ஆவதைத் தாண்டிவிடுவதும் உண்டு.

பராமரிப்பு ஒப்பந்தம், ஆய்வுக் கட்டணம், காப்பீடு இவையும் லிஃப்டுக்கு இவ்வளவு என்று வருபவை. எத்தனை முறை ஏறினீர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. ஓட்டத்தோடு சேர்ந்து தேய்பவை கயிறு, கயிறு ஓடும் சக்கரத்தின் பள்ளம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கதவு. ஆக, "குறைவாக ஏறுகிறேன், குறைவாகக் கொடுக்கிறேன்" என்று மூன்றாம் மாடிக்காரர் சொன்னால் கணக்கு அவருக்குத் துணை நிற்காது. தரைத்தளத்துக்காரரின் வாதம் வேறு. "இந்த வசதி என் வீட்டுக்கு வரவே இல்லை" என்கிறார் அவர். அது உரிமைக் கேள்வி, அதற்கு இயந்திரத்திடம் பதில் கிடையாது.

நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. பிரான்சில் 1965 ஜூலை 10 தேதியிட்ட கூட்டுரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பொது வசதிகளின் செலவை அவை ஒவ்வொரு வீட்டுக்கும் தரும் பயனுக்கு ஏற்பப் பிரிக்கச் சொல்கிறது. அதனால் தரைத்தளத்துக்காரர் பொதுவாக லிஃப்டுக்குக் கொடுப்பதில்லை. மேலே போகப் போகப் பங்கு கூடும். ஆனால் பயன் என்பது அந்த வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய பயன். உடற்பயிற்சிக்காகத் தினமும் படியேறும் நான்காம் மாடிக்காரருக்குத் தள்ளுபடி இல்லை. லிஃப்ட் இறங்கும் அடித்தளத்தில் தரைத்தளத்துக்காரருக்கு ஓர் அறையோ கார் நிறுத்தமோ இருந்தால் அவரும் கொடுக்க வேண்டும்.

ஜெர்மனி நேர் எதிர். தரைத்தள வாடகைதாரரையும் லிஃப்ட் செலவில் சேர்க்கும் ஒப்பந்தம் செல்லும் என்று அந்நாட்டுக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2009-இல், கட்டடத்தின் வேறொரு பகுதியில் இருக்கும் லிஃப்டால் தன் வீட்டை எட்டவே முடியாத வாடகைதாரரிடம் வசூலிக்கக் கூடாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோடு எங்கே விழுகிறது என்று புரியும்.

என் கட்சி இதுதான். லிஃப்ட் அடித்தளக் கார் நிறுத்தத்துக்கோ எல்லாரும் புழங்கும் மொட்டைமாடிக்கோ போகிறதென்றால் தரைத்தளமும் பங்கு கொடுப்பது நியாயம். எதற்குமே உதவவில்லை என்றால் விலக்கு கொடுங்கள், ஆனால் அதைச் சங்க விதியில் எழுதி வையுங்கள். கன்ட்ரோலர் எரிந்து பெரிய பில் வந்த பிறகு உட்கார்ந்து விதி எழுதினால் அது பஞ்சாயத்தாகத்தான் முடியும்.

அடுத்து, ஆள் கூடினால் அலறும் மணி. கயிறு அறுந்துவிடும் என்பதால் அலறுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூன்றோ அதற்கு மேலோ கயிறுகளில் தொங்கும் லிஃப்டில் கயிறுகளின் பலம் தேவையைப் போல் 12 மடங்கு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அலறலின் காரணம் பிரேக்கும் சக்கரப் பிடிப்பும். பிரேக் தாங்க வேண்டிய அளவு, அனுமதித்த சுமையும் அதற்கு மேல் கால் பங்கும் மட்டுமே. அதைத் தாண்டினால் கயிறு சக்கரத்தில் வழுக்கலாம், பெட்டி தளத்துக்குக் கீழே இறங்கி நிற்கலாம்.

மணி அடித்தால் யார் இறங்குவது? கடைசியாக ஏறியவர். இது வெறும் நாகரிகம். இயந்திரத்துக்கு யார் இறங்கினாலும் ஒன்றுதான். எல்லாருடைய கண்ணும் பருமனான ஒருவர் மேல் திரும்புகிறதே, அதுதான் அசிங்கம். எட்டுப் பேர் லிஃப்ட் என்பது ஆளுக்கு 75 கிலோ என்று ஐரோப்பாவிலும் 68 கிலோ என்று இந்தியாவிலும் போட்ட சராசரிக் கணக்கு, அவ்வளவே. ஐந்து பேருக்கே கத்துகிறது என்றால் பெட்டியின் அடியிலோ கயிறு முனையிலோ உள்ள சென்சாரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கதவை மூடும் பொத்தானை வெறி பிடித்ததுபோல் அமுக்குபவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 1990-இல் வந்தது. அதன் விதிகளின்படி கதவு குறைந்தது 3 நொடி முழுதாகத் திறந்திருக்க வேண்டும். அதுவரை பொத்தான் எதுவும் செய்யாது. ஊன்றுகோலோடு வருபவருக்கு அந்த 3 நொடி உரிமை. பின்சுவரில் உள்ள கண்ணாடியும் தலை வார வைத்ததல்ல. உள்ளே திரும்ப இடமில்லாத சக்கர நாற்காலிக்காரர் பின்னோக்கி வெளியேறும்போது வழியைப் பார்க்க வைத்தது. அதன் மேல் சங்கக் கூட்ட அறிவிப்பை ஒட்டாதீர்கள்.

கதவைக் காலால் தடுத்து அரட்டை அடிப்பதால் என்ன ஆகிறது? கதவோரத்தில் ஒளிக்கதிர்களால் ஆன ஒளித்திரை தடையைப் பார்த்துக் கதவைத் திரும்பத் திரும்பத் திறக்கிறது. சிறிது நேரம் கழித்துப் பல லிஃப்டுகள் ஒலி எழுப்பிக்கொண்டே மெதுவாக மூடத் தொடங்கும். ஒவ்வொரு முறை இடிபடும்போதும் கதவுப் பலகையின் அடியில் வாசற்பள்ளத்தில் நகரும் சிறு காலணித் துண்டு தேய்கிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு சரளைக்கல் விழுந்தாலே கதவு மூடாது, கதவு மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. பழுதென்று வரும் அழைப்புகளில் பல, ஒரு தூரிகையோடு முடிகின்றன. நாய் வளர்ப்பவர்களே, மெல்லிய கழுத்துக்கயிறு ஒளித்திரையின் கண்ணில் படாமல் போகலாம். நாய் வெளியே, நீங்கள் உள்ளே, கதவு மூடி லிஃப்ட் கிளம்பினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கயிற்றைச் சுருட்டிக் கையருகே பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

வீட்டுவேலைக்கு வருபவரும் பொருள் கொண்டுவருபவரும் "அந்த" லிஃப்டில்தான் போக வேண்டும் என்று பலகை மாட்டும் கட்டடங்கள் இருக்கின்றன. அறத்தை விடுங்கள், கணக்கே இடிக்கிறது. ஒரு லிஃப்ட் போய்வர 80 நொடி என்றால், இரண்டு சேர்ந்து ஓடும்போது 40 நொடிக்கு ஒன்று வரும். ஒன்றை ஒதுக்கிவிட்டால் எல்லாருக்கும் 80. கட்டில், பீரோ ஏற்ற ஆழமான பெட்டி வேண்டும் என்பது சரி. அதைப் பொருளுக்கு ஒதுக்குங்கள், மனிதருக்கு அல்ல.

கடைசியாக, மிக முக்கியமானது: நடுவழியில் நின்றுவிட்ட லிஃப்ட். உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டாது. பெட்டியில் காற்றுத் துவாரங்கள் உண்டு, கதவோரங்களிலும் இடைவெளி இருக்கிறது. பெட்டிதான் அப்போது பாதுகாப்பான இடம். ஆபத்து வெளியே வரும் முயற்சியில் இருக்கிறது. பெட்டி தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே நிற்கும்போது கதவை நெம்பித் திறந்து குதித்தால், குதிப்பவரின் கால் தளத்தில் படும், உடல் பின்னால் சாயும். பின்னால் இருப்பது பெட்டியின் அடிக்கும் தளத்துக்கும் நடுவே திறந்து கிடக்கும் குழி. பெட்டியின் கீழே தொங்கும் தகடு அதை ஓரளவுதான் மறைக்கும்.

வெளியே நிற்பவர்களின் ஆபத்து முக்கோணச் சாவி. தளக்கதவின் மேல்பகுதியில் சிறு துளை தெரியும். அதில் சாவியைத் திருப்பினால் பெட்டி அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு திறந்துவிடும். பதற்றத்தில் கதவை இழுத்து, பழக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்தவர்கள் இருட்டுக் குழிக்குள் போயிருக்கிறார்கள்.

முறையான மீட்பு இப்படி. இருவர் வேண்டும், இருவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். முதலில் முதன்மை மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பாதியில் மின்சாரம் வந்து லிஃப்ட் கிளம்பிவிடக் கூடாது. எல்லாத் தளக்கதவுகளும் பூட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவரிடம் பேசி, கதவை விட்டு விலகி நிற்கச் சொல்ல வேண்டும். இயந்திர அறை உள்ள லிஃப்டில் ஒருவர் கைச்சக்கரத்தைப் பிடிக்க, மற்றவர் பிரேக்கைச் சிறிது சிறிதாக விடுவிப்பார். உள்ளே ஒருவர்தான் என்றால் பெட்டி மேலே போகப் பார்க்கும், கவுண்டர்வெயிட் கனம் அப்படி. பெட்டி தளத்துக்கு நேராக வந்துவிட்டதைக் கயிற்றில் பூசிய வண்ணக்குறி காட்டியதும் பிரேக்கைப் பிடித்து, அதன் பிறகே சாவி. கதவைக் கையகலம் திறந்து, பெட்டி எதிரே இருக்கிறதென்று கண்ணால் பார்த்து, பிறகு முழுதாகத் திறக்க வேண்டும். ஆள் இறங்கியதும் கதவை மூடி, இழுத்துப் பார்த்துப் பூட்டு விழுந்ததை உறுதிசெய்ய வேண்டும்.

இந்தப் பயிற்சி இல்லாத காவலாளியிடம் சாவியைக் கொடுத்து வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். பராமரிப்பை ஒரு நிறுவனத்திடம் விட்டுவிட்டோம் என்பதால் மட்டும் கட்டட உரிமையாளரின், சங்கத்தின் பொறுப்பு தீர்ந்துவிடாது. சாவி யாரிடம் இருக்கிறது, அவருக்கு யார் எப்போது பயிற்சி கொடுத்தார்கள், இரவில் அழைத்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருவார், பெட்டிக்குள் இருக்கும் அவசரப் பொத்தானை அமுக்கினால் எங்கே மணி அடிக்கிறது. இந்த நான்கையும் உங்கள் சங்கச் செயலாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.