மாபுச்சேக்களை அடக்கியது ஸ்பெயினா?

"சிலியின் மாபுச்சே மக்களை 16ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயின் அடக்கிவிட்டது" என்று அந்நாட்டுப் பழங்குடிகளைப் பற்றி ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. கோட்டைகள் கட்டினார்கள், சரி, நிலைக்கவில்லை.

ஸ்பெயினின் சிலி ஆளுநர் வால்திவியாவிடம் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்து, ஸ்பானியரின் போர்முறையைக் கவனித்துக் கற்று, தப்பி வந்த மாபுச்சே வீரர் லவுத்தாரோ. 1553 டிசம்பரில் தூக்காபெல்லில் அவருடைய படையிடம்தான் வால்திவியா தோற்று உயிரிழந்தார். (உருக்கிய தங்கத்தை வாயில் ஊற்றிக் கொன்றார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.) 1598இல் குராலாபாவில் இன்னொரு ஆளுநரும் கொல்லப்பட்டார். அப்புறம் சில ஆண்டுகளிலேயே பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே ஏழு நகரங்கள் ஸ்பெயினின் கைநழுவின. 1641இல் கிலின் என்ற இடத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் அந்த ஆறே இரு தரப்புக்கும் எல்லையானது.

சிலிக்குள் இருக்கும் மாபுச்சே நிலம் பறிபோனது 1861க்கும் 1883க்கும் இடையில். பறித்தது ஸ்பெயின் அல்ல, சுதந்திர சிலியின் ராணுவம்.