ஹொகுசாயின் 'பேரலை': தீட்டிய ஓவியம் அல்ல, அச்சு

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'கனகாவா பேரலை' அவர் கையால் தீட்டிய ஒரே ஓவியம், மற்றதெல்லாம் நகல் என்று ஒரு பதிவு சொல்கிறது. அப்படியில்லைங்க. அது 1831 வாக்கில் வெளியான மரக்கட்டை அச்சு, அதாவது பலகையில் செதுக்கி மை தடவிப் பல தாள்களில் எடுப்பது. அவர் வரைந்த தாளைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்கிவிடுவார்கள். மூல வரைபடம் அதிலேயே அழிந்துபோகும். செதுக்கியவர், அச்சிட்டவர் எல்லாம் வேறு ஆட்கள்.

நீங்களே பார்க்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன், லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் இரண்டின் இணையப் பட்டியலிலும் இந்தப் படம் தனித்தனித் தாளாக இருக்கிறது. இடது மேல்பக்கத் தலைப்புக் கட்டத்தைப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள்: பலகை தேயத் தேய அதன் ஓரக்கோடு அங்கங்கே விட்டுப்போகும், முந்திய அச்சில் முழுசாக இருக்கும். வானத்து நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அது வெளிச்சத்தில் வெளிறும்.