பால்கனியில் பிரம்பு நாற்காலி போடலாமா?

"பிரம்பு நாற்காலி வெயில், மழை எல்லாம் தாங்கும், பால்கனியிலேயே போட்டுடலாம்"னு ஒருத்தர் சொல்லியிருக்கார். அப்படித் தாங்குறது அலுமினியச் சட்டத்தில் பாலிஎத்திலீன்கிற பிளாஸ்டிக் இழை பின்னின நாற்காலிங்க. பழைய பாணி அசல் பிரம்புக்கு அது பொருந்தாது. நம்ம சென்னை கத்திரி வெயிலில் நார் வறண்டு வெடிக்கும். ஐப்பசி மழையில் ஊறினா பின்னலுக்குள்ளே பூசணம் பிடிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம்னா உப்புக்காற்றில் அடியில் இருக்கிற ஆணியும் துருப்பிடிக்கும்.

வாங்கும்போது கவிழ்த்து, காலோட வெட்டுமுனையைப் பாருங்க. அசல் பிரம்புன்னா உள்ளே கெட்டியா, ஊசிமுனைத் துளைகளோட இருக்கும். பிளாஸ்டிக் இழை ஒரே நிறமா, ஒரே தடிமனா ஓடும். தட்டும்போது மாவு மாதிரித் தூள் கொட்டினா உள்ளே வண்டு இருக்கு, வேண்டாம்.

ஹாலில் ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாம போடுங்க. பருத்தி மெத்தை ஒண்ணு போதும். நாலு குஷன் அடுக்கினா பின்னலே தெரியாது, அப்புறம் எதுக்கு அந்த விலை கொடுக்கணும்? இருக்கைப் பின்னல் தொய்ஞ்சா தூக்கிப் போட்டுடாதீங்க. அடிப்பக்கமா ஈரத்துணியால் நல்லா நனைச்சு, யாரும் உட்காராம நிழலில் ஒரு நாள் காயவிட்டா ஓரளவு இறுகிக்கும். அறுந்திருந்தா மட்டும் பிரம்பு பின்னுறவரைக் கூப்பிடுங்க.